சீரிஸுக்கும் பேரலலுக்கும் தகராறு

மூன்றாவது தடவையாக அந்தச் சிவப்பு கிடார் பட்டறைக்கு வந்தபோது ரிப்பேர்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. மேசைமேல் கிடந்த கம்பித் துண்டுகளை ஒதுக்கி அதை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொண்டுவந்த கணக்கு டீச்சரும் உட்காரவில்லை. அந்தப் பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில் வேறு யாருடைய ஸ்பீக்கரோ வசதியாக உட்கார்ந்திருந்தது.

“இன்னும் சரியா வரல சார்,” என்றார் டீச்சர்.

“என்ன சரியா வரல?”

“பேரலல்ல போட்டா காதைக் குத்துது. சீரிஸ்ல போட்டா போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. தப்பா நினைக்காதீங்க, போன தடவையை விட இப்ப மோசம்.”

தப்பாக நினைக்காதீங்க என்கிறவர்கள் அடுத்த வார்த்தையிலேயே தப்பாக நினைக்க வைத்துவிடுவார்கள் என்பது அவருடைய முப்பது வருட அனுபவம்.

“இங்கயே வாசிச்சுப் பாத்துட்டுத்தானே எடுத்துட்டுப் போனீங்க?”

“இங்க மெதுவா வெச்சுத்தானே வாசிச்சேன். அங்க எல்லாரோடயும் சேர்த்து வாசிக்கிறப்ப தெரியுது. நான் மட்டும் சொல்லல சார். எங்க குழுவுல நாலு பேரும் சொல்றாங்க.”

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த நாலு பேரில் ஒருவர் டிரம்ஸ் அடிப்பவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பித்தளைத் தட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளாசுகிற ஆள், இவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிறார். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“வெச்சுட்டுப் போங்க. பாக்கறேன்.”

“சனிக்கிழமை ரெக்கார்டிங் சார். ஸ்டுடியோவுல நாள் வாங்கியாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆகலைன்னா...”

“ஆகலைன்னா?”

டீச்சர் தன்மையானவர். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை வைத்து மேய்க்கிறவருக்கு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று தெரியும். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று புதன்கிழமை.

வாத்தியக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பாம்புக்காது. இளவயதில் ஒரு டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடையில் வேலையாக இருந்தபோது, சரிசெய்த டேப் ரிக்கார்டர் ஒன்றைக் கொடுப்பதற்காக ஒரு மண்டபத்துக்குப் போனார். அங்கே மேடையில் எதிலிருந்தோ ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல். மூன்று பேர் ஒயர் ஒயராகப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் வாசலில் நின்றபடியே, “இது ஒரு இரைச்சல் இல்ல, ரெண்டு. ஒண்ணு அந்த கிடார்ல, இன்னொண்ணு மேல இருக்கற டியூப்லைட்ல,” என்றார். டியூப்லைட்டை அணைத்தார்கள், பாதி நின்றது. கிடாரைக் கழற்றினார்கள், மீதியும் நின்றது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் அவருக்குச் சோறு போட்டது. ஊரில் எவர் கிடாரில் ஒயர் விட்டுப்போனாலும், எவருடைய ஆம்ப்ளிஃபையர் மூச்சுத் திணறினாலும், மாடிப்படிக்கு அடியில் இருந்த இந்தப் பட்டறைக்குத்தான் வரும். சத்தத்தை அளக்கிற ஊசி மீட்டர் ஒன்று அலமாரியின் மேல்தட்டில் தூசி மண்டிக் கிடந்தது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், “மீட்டரா பாட்டுக் கேக்கப் போகுது?” என்பார். அந்த வாக்கியத்தின்மேல் அவருக்கு ஒரு தனிப் பிரியம்.

டீச்சருடைய கிடாரில் இருந்த சங்கதி பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. எலக்ட்ரிக் கிடாரில் தந்திகளுக்கு அடியில் காந்தமும் செப்புக் கம்பியும் சேர்ந்த ஒரு பெட்டி இருக்கும். தந்தி அதிர்வதைச் சத்தமாகப் பிடித்து அனுப்புவது அதுதான், பிக்கப் என்பார்கள். அதில் ஹம்பக்கர் என்று ஒரு வகை. ஒரு காயிலுக்குப் பதில் இரண்டு காயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். கரண்டு இரைச்சலை ஒன்றுக்கொன்று தின்றுவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. ஒரு காயிலின் வாலை அடுத்த காயிலின் தலையில் முடிந்தால் அது சீரிஸ்: கனத்த, சதைப்பிடிப்பான சத்தம். தலையோடு தலையையும் வாலோடு வாலையும் சேர்த்து முடிந்தால் அது பேரலல்: சத்தம் ஒரு படி இறங்கும், ஆனால் தெளிவாக, துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருக்கும். டீச்சர் கேட்டது ஒரு சின்ன சுவிட்ச். மேலே தட்டினால் சீரிஸ், கீழே தட்டினால் பேரலல். தனியாக வாசிக்கும்போது அது, பாடுகிறவருக்குப் பின்னால் நிற்கும்போது இது.

சுவிட்ச் வைப்பது அரை மணி நேர வேலை. சங்கடம் அதற்கப்புறம்தான். சீரிஸிலிருந்து பேரலலுக்கு மாற்றினால் சத்தம் படக்கென்று விழும். பாட்டின் நடுவில் கிடார்காரர் எழுந்து வெளியே போய்விட்ட மாதிரி ஆகிவிடும். “குணம் மாறணும் சார், சத்தம் மாறக் கூடாது,” என்று டீச்சர் முதல் நாளே கணக்காகச் சொல்லியிருந்தார். அதற்கு அவரிடம் ஒரு கைப்பக்குவம் இருந்தது. சீரிஸில் இரண்டு காயிலுக்கும் நடுவே ஒரு முடிச்சு வருகிறதல்லவா, அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் திருகுகிற பொடி ரெசிஸ்டர் ஒன்றை வைப்பார். பேரலலில் அந்தப் பாதையே கிடையாது என்பதால் ரெசிஸ்டர் சீரிஸை மட்டும் அடக்கும். சுவிட்சை மேலும் கீழும் தட்டி, ஒரே தந்தியை மீட்டி, இரண்டு சத்தமும் சமமாக வரும்வரை திருகிக்கொண்டே போக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்வது காது. வேறு எதுவும் இல்லை.

முதல் தடவை அப்படித்தான் திருகிக் கொடுத்தார். டீச்சர் ஒரு வாரத்தில் வந்து, சீரிஸ் மங்கிப் போச்சு, பேரலல்தான் முந்திரிக்கொட்டையாக முன்னால் வந்து நிற்கிறது என்றார். அவருக்கு நேர்மாறாக அல்லவா கேட்டது! பேரலல் இன்னும் கொஞ்சம் சோனியாக இருப்பதாகத்தான் அவருக்குப் பட்டது. சுவிட்ச் மட்டமான சரக்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வைத்தார். ஈயம் வைத்த இடங்களையெல்லாம் சுரண்டித் திரும்பப் பற்றவைத்தார். கடைசியில் தன் காதுக்குக் கேட்டபடி சீரிஸை இன்னும் ஒரு திருகு அடக்கி வைத்தார். இரண்டாம் தடவை போனது, இப்போது மூன்றாவதாகவும் வந்து படுத்திருக்கிறது.

மத்தியானம் வாத்தியக் கடை முதலாளி போன் பண்ணினான். இவரைவிடப் பதினைந்து வயது இளையவன். கடைக்கு வருகிற ஒயரிங் வேலை முழுவதையும் இவரிடம்தான் அனுப்புவான். டீச்சரையும் அவன்தான் அனுப்பியிருந்தான்.

“அண்ணே, டீச்சர் வந்தாங்களா?”

“வந்தாங்க. அவங்க ஆம்ப்ளிஃபையர்ல ஏதோ கோளாறு. என் வேலையில ஒண்ணுமில்ல.”

“அவங்க நம்ம கடை ஆம்ப்ளிஃபையர்லயும் வாசிச்சுக் காட்டினாங்க அண்ணே.”

“அப்ப உன் கடை ஆம்ப்ளிஃபையரும் கோளாறு.”

முதலாளி அந்தப் பேச்சை விட்டான். பிறகு, “பின்தெருவுல ஒருத்தர் லேப்டாப்பை வெச்சு அளந்து கோடு போட்டுக் காட்டறாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன் அண்ணே. அப்புறம் டீச்சருக்காக நான் அங்கதான் அனுப்ப வேண்டியிருக்கும். மத்த வேலையும்... பாப்போம்,” என்றான்.

அந்த ‘பாப்போம்’ அவரைச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்த கையோடு அந்த கிடாரோடு மல்லுக்கட்டினார். பிக்கப்பைத் தந்திக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்தார். சீரிஸும் சேர்ந்து தூக்கிக்கொண்டது. இறக்கிப் பார்த்தார், இரண்டும் சேர்ந்து செத்தது. ஒரு காயில் தலைகீழாக இருக்கிறதோ என்று வாலையும் தலையையும் மாற்றிப் பார்த்தார், சத்தம் ஓட்டைத் தகரம் மாதிரி ஆனது, பழையபடி மாற்றினார். ஆம்ப்ளிஃபையரை மாற்றினார். கேபிளை மாற்றினார். எந்தப் பக்கம் போனாலும் அவர் காதுக்கு ஒரே தீர்ப்புதான்: இப்போது இருக்கிற இடம்தான் சரியான இடம். சரியாக இருக்கிற ஒன்றை எப்படிச் சரிசெய்வது? ஸ்க்ரூடிரைவரை வீசி எறிந்தார். அது உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டதால், குனிந்து தேடுகிற வேலையும் சேர்ந்துகொண்டது.

மூன்றரைக்கு மனைவி வந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். காலை ஆறரைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டால், வருகிற அழைப்புகளை வார்டுக்கும் டாக்டருக்கும் இணைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இசை விஷயத்தில் அவள் ஒரு ஞானசூனியம் என்பது அவருடைய முடிவான கருத்து. கல்யாணமான புதிதில் ஒரு நல்ல கிடார் வாசிப்பைக் கேட்கவைத்து எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “நீளமா இருக்கு,” என்று சொன்னவள்.

“என்ன முகம் இப்படி இருக்கு? சாப்பிடலையா?” என்று கேட்டாள்.

“ஏன் கத்தறே? பக்கத்துலதானே இருக்கேன்.”

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தலை கனக்கிறது, கழுத்து வலிக்கிறது என்றார். காய்ச்சலாக இருக்கும் என்று அவளே முடிவு பண்ணி மாடிக்கு அழைத்துப்போய், தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க பால்கனிக்குப் போனாள். பேட்டரியில் ஓடுகிற தெர்மாமீட்டர். அளந்து முடித்ததும் சத்தம் கொடுக்கும். அவர் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனசு முழுக்க ரெசிஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு காட்டுது?” என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“இன்னும் ஆகல.”

“அதான் அப்பவே கத்தி முடிச்சுடுச்சே!”

“எங்க கத்திச்சு? ஒண்ணும் கத்தல.”

அவள் கையில் துணிக் குவியலோடு கதவருகே வந்து நின்றாள். “எனக்கு இங்க கேட்டுதுங்க. நாலு தடவை.”

“பேட்டரி போயிருக்கும். பழசு.”

அவள் துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அணைத்து, திரும்ப அவருடைய அக்குளிலேயே வைத்தாள். இந்த முறை அவள் எங்கும் போகவில்லை. எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் போயிருக்கும். அவளுடைய புருவம் லேசாக அசைந்தது. அவர் அதைப் பார்த்தார்.

“இப்ப கத்துச்சா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

அவர் தெர்மாமீட்டரைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரையில் எண் ஓடி, நின்று, சிமிட்டுவது நின்றதும் சட்டென்று எடுத்து வலது காதோடு ஒட்டினார். தூரத்தில் எங்கோ ஒரு பூச்சி கத்துகிற மாதிரி ஏதோ இருந்தது, இல்லாமலும் இருந்தது. இன்னொரு முறை அளக்கவைத்து இடது காதில் வைத்தார். அந்தப் பக்கம் வெறும் அமைதி.

“மட்டமான பொருள்,” என்று அதைக் கட்டிலில் எறிந்தார்.

“வாஷிங் மெஷின் முடிஞ்சாலும் இப்படித்தாங்க கத்தும்,” என்றாள் மனைவி. “நீங்க ஒரு நாளும் எழுந்து போனதில்ல. நான் சோம்பேறித்தனம்னு நெனச்சேன்.”

“இப்ப என்ன, எனக்குக் காது கேக்காதுங்கறியா?”

“அப்படிச் சொல்லல. ஆனா நான் ஏன் கத்தறேன்னு கேட்டீங்களே. மெதுவா சொன்னா நீங்க ‘என்ன, என்ன’ங்கறீங்க. ஒரு வருஷமா உங்ககிட்ட பேசிப் பேசி என் குரலே ஏறிப்போச்சு. ஆஸ்பத்திரியில சூப்பர்வைசர் ரெண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, டாக்டருங்க காது வலிக்குதாம், மெதுவா பேசுங்கன்னு.”

அவருக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று ஒரு ஆத்திரம். இப்போது ஏன் சொன்னாள் என்று இன்னொரு ஆத்திரம். எழுந்து விறுவிறுவென்று கீழே இறங்கிப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அலமாரி மேல்தட்டிலிருந்து ஊசி மீட்டரை இறக்கித் தூசியை ஊதினார். கிடாரிலிருந்து ஒயர் இழுத்து அதில் மாட்டினார். சுவிட்ச் மேலே: தந்தியை மீட்டினார்; ஊசி ஏறி நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்தார். சுவிட்ச் கீழே: அதே தந்தி, அதே அழுத்தம். ஊசி அந்தக் குறியைத் தாண்டி இன்னும் ஒரு விரல்கடை போயிற்று. அவர் காதுக்குச் சமமாகக் கேட்கிற அதே இடத்தில் பேரலல் இப்படித் துள்ளிக்கொண்டு நிற்கிறது. பத்து தடவை மீட்டினார். பத்து தடவையும் ஊசி டீச்சர் பக்கமே பேசியது.

அப்போதுதான் அவருக்குக் கணக்கு விளங்கியது. பேரலலுக்கு உயிரே அதன் மேல் சத்தத்தில்தான் இருக்கிறது, அந்தப் பளிச்சில். அந்தப் பளிச்சு அவருக்குள் போகவே இல்லை. அது போனபிறகு மிச்சம் இருப்பது சோனிதான். அந்தச் சோனிக்குச் சமமாக இருக்கட்டும் என்று நல்ல சீரிஸைக் கழுத்தைப் பிடித்து அமுக்கி அமுக்கி வைத்திருக்கிறார். சுவிட்சைத் திட்டினார், ஈயத்தைத் திட்டினார், டிரம்ஸ்காரரைத் திட்டினார். அவர்கள் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. அவமானமாக இருந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது, வரவில்லை, வந்திருந்தால் தேவலை.

மறுநாள் காலை மனைவி தன் ஆஸ்பத்திரியிலேயே காது டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அவர் பரீட்சையில் காப்பி அடிக்கப் பார்க்கிற பையன் மாதிரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் தோளையே கவனித்து, அது அசையும்போதெல்லாம் அழுத்தினார். அந்தப் பெண் எழுந்து வந்து நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். அதன்பிறகு அழுத்துவதற்கு அதிகம் வேலை இருக்கவில்லை. மேல் சத்தம் இரண்டு காதிலும் தேய்ந்திருக்கிறது, இடதில் அனேகமாக இல்லை, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தலையை வைத்து வேலை செய்தீர்களா, போனது திரும்பாது என்றார் டாக்டர். பேச்சு இன்னும் கேட்கும், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். முப்பது வருஷத்துக்குக் கிடைத்த சர்டிபிகேட்டாக ஒரு தாளில் கோடு ஒன்று சரிந்து இறங்கியது.

வீட்டுக்கு வந்து மீட்டரை வைத்தே வேலையை முடித்துவிடலாம் என்று பார்த்தார். ஊசி இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி திருகிவிட முடிந்தது. ஆனால் அது பாதி வேலைதான் என்று அவருக்குத் தெரியும். சத்தத்தின் அளவு ஒன்றாக இருந்தாலும் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்கிற மாதிரி கேட்கலாம். அதை ஊசி சொல்லாது. மீட்டரா பாட்டுக் கேக்கப் போகுது? அவர் அதுவரை எகத்தாளமாகச் சொல்லிவந்தது உண்மையாகவே இருந்து தொலைத்தது.

மனைவி மூன்றரைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, பட்டறை வாசலில் நின்று, “கொஞ்சம் வந்துட்டுப் போ,” என்றார்.

“என்னங்க?”

“நான் இந்தத் தந்தியை மீட்டுவேன். சுவிட்சைத் தட்டிட்டு மறுபடி மீட்டுவேன். ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு சொல்லணும்.”

“எனக்கா? எனக்கு என்ன தெரியும்?”

“உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். சும்மா சொல்லு.”

உதவி கேட்கிறவர் பேசுகிற பேச்சா இது? அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மீட்டினார், தட்டினார், மீட்டினார்.

“ரெண்டாவது ஆள் பக்கத்துல வந்து பேசறாரு. முதல்ல பேசினவர் அடுத்த ரூம்ல இருக்காரு,” என்றாள்.

“எது சத்தம் ஜாஸ்தி?”

“சத்தம் ஒண்ணுதான். தூரம்தான் வேற.” அவள் கையை ஆட்டி விளக்கினாள். “ஒரு டாக்டரை இன்னொரு டாக்டருக்கு இணைச்சுக் குடுக்கறப்ப, ரெண்டு பேரும் ஒரே தூரத்துல இருந்து பேசணும். ஒருத்தர் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசினா லைன் சரியில்லைன்னு அர்த்தம். நாங்க உடனே வேற லைன் போட்டுடுவோம்.”

அவர் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். இருபத்தாறு வருஷமாக இந்த ஆள் பக்கத்து அறையில் இருந்திருக்கிறாள். கிணற்றுக்குள் இருப்பவரை வெளியே கொண்டுவர ஒரு வழி அவருக்குத் தெரியும்: ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு சின்ன கெபாசிட்டரை வைத்தால், மேல் சத்தம் மட்டும் ரெசிஸ்டரிடம் மாட்டாமல் தப்பித்துப் போய்விடும். வைத்தார். மீட்டினார். அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

“இப்ப?”

“கிட்ட வந்துட்டாரு. ஆனா மூக்கால பேசறாரு.”

வேறு கெபாசிட்டர். ரெசிஸ்டரை ஒரு திருகு தளர்த்தல். “இப்ப?” “இல்ல.” அரைத் திருகு. “இப்ப?” “போன தடவை நல்லா இருந்துது.” பின்னால் அரைத் திருகு. ஒரு மணி நேரம் இப்படியே ஓடியது. அவர் எரிச்சலோடு கேட்டார், அவள் எரிச்சலோடு சொன்னாள். தான் திருகுவது எதுவும் தனக்கே கேட்காமல் திருகிக்கொண்டிருப்பது, கண்ணைக் கட்டிவிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொல்வது மாதிரி இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. திருகாணி கடைசியில் அவர் முதலில் வைத்த இடத்திலிருந்து வெகுதூரம் பின்னால் வந்திருந்தபோது அவள் கையை உயர்த்தினாள்.

“ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்துட்டாங்க. ஆனா ஆள் வேற வேற. இதானே வேணும்?”

“இதான்,” என்றார். அது இதுதானா என்று அவருக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் திருகாணியின்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து அசையாமல் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சரும் கடை முதலாளியும் சேர்ந்தே வந்தார்கள். முதலாளி தன் கடையிலிருந்து பெரிய ஆம்ப்ளிஃபையரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். டீச்சர் முழுச் சத்தத்தில் வாசித்தார். சுவிட்சை மேலே தட்டினார், கீழே தட்டினார், பாட்டின் நடுவிலேயே இரண்டு முறை தட்டினார். அவர் கிடாரைக் கவனிக்கவில்லை. டீச்சரின் முகத்தைக் கவனித்தார், முதலாளியின் காலைக் கவனித்தார். டீச்சரின் முகம் மலர்ந்தது. முதலாளியின் கால் தாளம் போட்டது.

“இதுதான் சார்! இதேதான் நான் கேட்டது,” என்றார் டீச்சர். “மூணு தடவை உங்களை அலையவெச்சுட்டேன்.”

“நான் சொல்லல டீச்சர்?” என்றான் முதலாளி. “அண்ணன் காது பாம்புக்காது. லேப்டாப்பாம் லேப்டாப்பு! இனி எல்லா வேலையும் இங்கதான்.”

மனைவி படியருகே நின்றுகொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை. அவள் திறக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். இன்னும் இருபது வருஷமானாலும் திறக்க மாட்டாள். சும்மா இருந்தால் போதும், எல்லாம் பழையபடி ஓடும். டீச்சர் கிடாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். இவருக்கு உள்ளுக்குள் ஏதோ பொறுக்கவில்லை.

“இது என் காது இல்லப்பா. இவ காது.”

முதலாளி சிரித்தான். “அண்ணன் எப்பவும் தமாஷ்தான்.”

“தமாஷ் இல்லடா. நான் வெச்சது ரெண்டும் தப்பு. இவ சொல்லி நான் திருகினது இது.”

“சரி சரி, அண்ணிக்கும் ஒரு நன்றி,” என்றான் அவன் இன்னும் சிரித்தபடி.

சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறானே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போன வருஷத்துல இருந்து இதே சுவிட்சை ஏழு கிடார்ல போட்டுக் குடுத்திருக்கேன். ஏழையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லு. எல்லாம் தப்பா இருக்கும்.”

சிரிப்பு நின்றது. முதலாளி பின்கழுத்தைச் சொறிந்தான். “ரெண்டு பேர் வந்து சொன்னாங்க அண்ணே, குத்துதுன்னு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான்தான்... சரி, திடீர்னு எல்லாத்தையும் திருப்பிக் கேட்டா, ஏன்னு கேப்பாங்களே. நான் என்ன சொல்லட்டும்?”

“எனக்குக் காது போச்சுன்னு சொல்லு.”

டாக்டர்கூட அந்த வார்த்தையை அப்படிப் போட்டு உடைக்கவில்லை. மனைவிதான் முதலில் வாயைத் திறந்து, எதுவாக இருந்தாலும் மூணரைக்கு மேல் கொண்டுவரச் சொல்லுங்கள், காலையில் தனக்கு டூட்டி என்றாள். முதலாளி அதற்கும் தலையாட்டினான். ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு, அவர் கண்ணைப் பார்க்காமல் வெளியே போனான்.

டீச்சர் கிடார் பெட்டியோடு கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி அவருக்கு எதிரே வந்து நின்றார். பத்து நிமிஷம் முன்னால் வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த அதே டீச்சர், குனிந்து, அவர் முகத்துக்கு நேராக வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“ரொம்ப... தேங்க்ஸ்... சார்!”

“கேக்குது,” என்றார் அவர். “கத்தாதீங்க.”